நஞ்சுக்கொடியில் ஒளிந்த காய்ச்சல்

எனக்கு மூன்றாவது முறையாக மலேரியா வந்தபோது நான் ஸ்ரீரங்கத்தில், அம்மா வீட்டில் இருந்தேன். முதல் இரண்டு முறையும் உகாண்டாவில் வந்தது. என் கணவர் பிரபு அங்கே ஒரு சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரிகல் இன்ஜினியராக இருந்தார். கல்யாணமாகி நான் அங்கே போய்ச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு தடவை, அடுத்த வருடம் ஒரு தடவை. இரண்டு முறையும் ஆலை டிஸ்பென்சரியில் விரல் நுனியைக் குத்திப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் எழுந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் சளிக்காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அங்கே மலேரியாவைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் அந்தப் பெயர் எனக்குப் பயம் தரவில்லை.

இப்போதும் எங்கள் அடையவளஞ்சான் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். "கொசு கடிச்ச காய்ச்சலுக்கா சுகன்யா இவ்வளவு ஆச்சு?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. மளிகைக்கடை வாசலில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அண்ணன் செந்தில்தான் காந்தி மார்க்கெட்டில் அப்பாவின் பழமண்டியை நடத்திவந்தார். ஆறாம் மாதம் முடியும்போது, விமானத்தில் போகலாம் என்று அங்கேயுள்ள டாக்டர் சான்று கொடுத்தார். அதுவரை அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் கொசுவலை கொடுத்தார்கள். மலேரியா வராமலிருக்க மாதாமாதம் மாத்திரையை எதிரிலேயே விழுங்கச் செய்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த க்ரேஸ்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். ஆலைப் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நான் கிளம்பிய அன்று என் பெட்டியை அவளே தூக்கிக் காரில் வைத்தாள்.

வந்த மறுவாரம் வளைகாப்பு. இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அதற்கு அடுத்த வாரம் உடம்பு வலித்தது. இடுப்பு, தொடை, கண்ணுக்குப் பின்னால் எல்லாம் வலி. காய்ச்சல் ஏறும், வியர்க்கும், இறங்கும். வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்திலிருந்த கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள், குறைவாக இருந்தன. டெங்கு இல்லை என்று வந்தது. "ரெண்டு நாள் பாக்கலாம், நிறைய தண்ணி குடிங்க" என்றார் டாக்டர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று அம்மா சொன்னாள். நானே குறுக்கிட்டு, "அங்க எனக்கு ரெண்டு தடவை மலேரியா வந்திருக்கு டாக்டர். அது வந்தா பல்லு கிட்டிக்கிற மாதிரி குளிரும். இது அப்படி இல்ல" என்றேன். அவர் தலையாட்டினார். இங்கே வருடக்கணக்கில் யாரும் பார்த்திராத நோயை அவர் எங்கிருந்து நினைப்பார்?

ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு கையிலிருந்து நழுவியது தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது காவிரிப் பாலத்தின் கம்பிகள். காரின் பின்சீட்டில் அம்மா மடியில் கிடந்தேன். முன்சீட்டில் அண்ணன். "ரங்கா, ரங்கா" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மன்னார்புரம் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் பார்த்தது ரத்தச் சர்க்கரையை. அது அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் விளக்கு போட்டதுபோல எனக்கு நினைவு திரும்பியது. நரம்பு தேட வளையல் இடைஞ்சலாக இருந்தது. ஒரு நர்ஸ் சோப்புநீர் தடவி ஒவ்வொன்றாக உருவினார். "உடைக்காம எடும்மா, உடைக்காம எடு" என்று அம்மா கெஞ்சினாள். நர்ஸ் பொறுமையாக எடுத்தார். இரண்டு உடைந்தன.

அங்கே என்னைப் பார்த்த பொதுமருத்துவர் டாக்டர் யாஸ்மின். ஐம்பது வயதிருக்கும், சன்னமான குரல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் கேள்வியே இதுதான் கேட்டார்:

"எந்த ஊர்ல இருந்து வந்தீங்க? இப்ப இல்ல, இதுக்கு முன்னாடி."

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை, ஆனால் எழுந்துகொண்டார்.

மலேரியாவுக்கு இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று அட்டைச் சோதனை. ஒரு துளி ரத்தம் விட்டால் கிருமி வெளிவிடும் புரதம் இருக்கிறதா என்று கோடு காட்டும். இன்னொன்று ஸ்மியர். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் கிருமியையே தேடுவது. என் அட்டையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"அப்ப மலேரியா இல்லைங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லைன்னு சொல்ல முடியாது. கர்ப்பமா இருக்கிறப்ப இந்தக் கிருமி வெளி ரத்தத்துல சுத்தாம, நஞ்சுக்கொடியில போய் ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கும். விரல்ல குத்தினா கிடைக்காது. ஆறு மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கேன். ஆனா அதுவரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, மருந்தை இப்பவே போடறேன்."

இரண்டாவது ஸ்மியரில் கிருமி கிடைத்தது. ஃபால்சிபாரம் என்ற வகை, உயிரைக் குடிக்கிற வகை. அதற்குள் ஊசி மருந்து நரம்பில் ஏறத் தொடங்கியிருந்தது. மகப்பேறு டாக்டர் வந்து வயிற்றில் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்தார். குதிரை ஓடுவது மாதிரி சத்தம். குழந்தையின் இதயம். "துடிப்பு இருக்கு. ஆனா வயசுக்கு ஏத்த வளர்ச்சி இல்ல" என்றார். அன்று எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

கிருமி சிவப்பணுக்களைத் தின்று தீர்த்திருந்ததால் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ரத்த வங்கியில் ஆள் கேட்டார்கள். அண்ணன் மார்க்கெட்டுக்கு ஒரு போன் போட்டார். மதியத்துக்குள் லோடு இறக்குகிற ஐந்தாறு பேர் வாழைக்கறை படிந்த சட்டையோடு வந்து வரிசையில் நின்றார்களாம். அவர்களில் மூத்தவரான ராஜு என்பவர் கண்ணாடிக் கதவு வழியாக என்னை எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். யார் ரத்தம் எனக்குள் ஏறியதென்று தெரியாது. ஆனால் எல்லாரும் படுத்துக் கை நீட்டினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அம்மா பாய் விரித்துவிட்டாள். அங்கே அவளைப்போலப் பல குடும்பங்கள். யாராவது ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார்கள். உள்ளே போகிறவர் முகத்தையும் வெளியே வருகிறவர் முகத்தையும் பார்த்தே பக்கத்துக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வார்களாம். பிரபு மணிக்கொரு தரம் போன் செய்தார். டிக்கெட் கிடைத்துவிட்டது, இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும் என்றார். க்ரேஸும் பேசினாள். "மருந்து ஏறிவிட்டதா?" என்று மட்டும் கேட்டாள். ஏறிவிட்டது என்றதும், குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமலே போனை வைத்துவிட்டாள்.

காய்ச்சல் விட்டது. கிருமி எண்ணிக்கை வேகமாக இறங்கியது. டாக்டர் யாஸ்மின் முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு இட்லி கொடுக்கலாம் என்றார். அன்று காலை வழக்கம்போல நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்தார். நகர்த்தினார். இன்னும் ஜெல் போட்டார். மறுபடி நகர்த்தினார். கருவியில் இரைச்சல் மட்டும் கேட்டது. "டாக்டரைக் கூப்பிட்டு வரேம்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. மகப்பேறு டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "துடிப்பு நின்னு போச்சும்மா. நாம ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

நோய் தீரத் தீரக் குழந்தை இறந்தது. அதை எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்குப் புரிவதில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

வலி வரவைத்து, சாதாரணப் பிரசவமாகவே எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் இன்னொரு டாக்டர் வந்தார். டாக்டர் ஸ்டெல்லா, திசுக்களை ஆராயும் நோயியல் நிபுணர். வார்டுகளில் அவரை அதிகம் பார்க்க முடியாது என்று நர்ஸ் சொன்னார். கூச்சத்தோடு கட்டில் ஓரத்தில் நின்றார்.

"இந்த நேரத்துல கேக்குறதுக்கு மன்னிச்சுக்கங்க. குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடியைச் சோதிச்சாதான் காரணம் உறுதியாத் தெரியும். அது சிகிச்சைக்காக. இன்னொன்னு, அதுல ஒரு பகுதியையும் உங்க ரத்தத்தையும் ஆராய்ச்சிக்கு எடுத்து வெக்கலாமான்னு கேக்கணும். மலேரியா தடுப்பூசி ஆராய்ச்சி செய்றவங்களோட சேர்ந்து நான் வேலை செய்றேன். வேண்டாம்னா வேண்டாம். உங்க வைத்தியத்துல ஒரு மாத்தமும் இருக்காது."

அம்மாதான் முதலில் பேசினாள். அவள் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"பிள்ளை போச்சு. அதையும் விட்டுவெக்க மாட்டீங்களா? நஞ்சுக்கொடிய ஆழமாத் தோண்டிப் புதைக்கணும்னுதான் எங்க வழக்கம். நாய்கூட மோந்து பாக்கக் கூடாதும்பாங்க. நீங்க டப்பாவுல போட்டு மருந்து ஊத்தி வெப்பீங்களா?"

டாக்டர் ஸ்டெல்லா தலைகுனிந்து நின்றார். நான் சொன்னேன், "எடுத்துக்கங்க டாக்டர்."

"சுகன்யா!"

"ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்மா. ரெண்டு தடவை வந்து ஒண்ணும் ஆகாத காய்ச்சல். மருந்து சரியா ஏறிச்சு, நான் பொழைச்சுட்டேன். அவ ஏன் செத்தா? யாராச்சும் சொல்லட்டும்."

'அவ' என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் பெண்தான் பிறந்தாள். பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். "வேண்டாம்மா, அவ தாங்க மாட்டா" என்றாள் அம்மா. நான் கையை நீட்டினேன். பச்சைத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மிகவும் சின்னவள். தலையில் ஈரமான கறுப்பு முடி. நகங்கள் முழுசாக வளர்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார். பழக்கூடைகளைத் தோளில் தூக்கி வளர்ந்த மனிதர், அந்தச் சிறு பொதியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடக்கத் தெரியாதவர்போல நடந்து போனார். காவிரிக் கரையில் அடக்கம் செய்துவிட்டு ஈரத்துணியோடு வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அம்மா சொன்னாள்.

பிரபு மறுநாள் வந்தார். விமான நிலையத்திலிருந்து நேரே பெட்டியோடு வார்டுக்குள் வந்துவிட்டார். செக்யூரிட்டியும் தடுக்கவில்லை. என் தலையைத் தொட்டார். பிறகு கேட்டார்:

"யார் மாதிரி இருந்தா?"

அம்மாதான் சொன்னாள். "உங்க நெத்தி, மாப்ள. காது மடல்கூட உங்களது மாதிரியே ஒட்டினாப்புல. மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு." பார்க்க வேண்டாம் என்று சொன்ன அம்மா, அவ்வளவையும் பார்த்து வைத்திருந்தாள். பிரபு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லை அண்ணன் கட்டினார். எவ்வளவு என்று இதுவரை சொல்லவில்லை. பிரபு கேட்டதற்கு, "முதல்ல அவ சாப்பிடட்டும் மாப்ள" என்றார். வீட்டில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. அப்படி ஆகும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. பால் வற்ற மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப்போட அம்மா இரண்டு நாள் பூ வாங்கினாள். அந்த வாசனை இப்போதும் எனக்கு ஆவதில்லை.

மறுபரிசோதனைக்குப் போன நாளில் நானே டாக்டர் ஸ்டெல்லாவைப் போய்ப் பார்த்தேன். பிரபுவும் வந்தார். ஆய்வகத்தின் மூலையில் அவருடைய மேசை. நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, "பாக்குறீங்களா? பாக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றார். பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஆற்றங்கரை வேர்கள் மாதிரி கிளைகள். அவற்றுக்கிடையே மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள்.

"அது கிருமியோட எச்சம். ரத்தத்தைத் தின்னுட்டுப் போட்ட கழிவு. இந்த இடைவெளியிலதான் உங்க ரத்தம் வந்து குழந்தைக்குச் சாப்பாடும் காத்தும் கொடுக்கணும். அங்க பூரா இது அடைச்சுக்கிட்டிருக்கு. கிருமியைக் கொன்ன பிறகும் அடைப்பும் வீக்கமும் உடனே போகாது. குழந்தை ரொம்ப நாளா அரை வயித்துலதான் இருந்திருக்கா."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை வந்திருக்கே டாக்டர்? ஒரு தடவை வந்தா உடம்புக்கு எதிர்ப்பு வரும்னு சொல்வாங்களே?"

அவர் ஒரு தாளை எடுத்து வரையத் தொடங்கினார். பிறகு வைத்துவிட்டு வாயாலேயே சொன்னார்.

"கிருமி ஒண்ணுதான். ஆனா உடம்புக்குள்ள பல வேஷம் போடும். கொசு உள்ள விடுறப்ப ஒரு உருவம், அது கல்லீரலுக்குப் போகும். அங்க பெருகி ரத்தத்துல இறங்கி சிவப்பணுவைத் துளைச்சுக்கிட்டு நுழையுறப்ப வேற உருவம். நுழைஞ்ச பிறகு அந்த அணுவோட மேல்பரப்புல பசை மாதிரி ஒரு புரதத்தை நீட்டி, ரத்தக்குழாய்ல எங்கயாவது ஒட்டிக்கும். இப்படி அது காட்டுற ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஆன்டிஜென்னு பேரு. அடையாளத்தைப் பாத்து அதைப் பிடிக்க உடம்பு செய்யுற பொருள் ஆன்டிபாடி. முதல் ரெண்டு தடவை வந்தப்ப அது போட்டிருந்த சட்டையை உங்க உடம்பு கொஞ்சம் பாத்து வெச்சிருந்தது. அதனாலதான் உங்களுக்குக் குளிர்நடுக்கம்கூட சரியா வரல. ஆனா நஞ்சுக்கொடின்னு ஒண்ணு அப்ப உங்க உடம்புல இல்லையே. அதுல ஒட்டுறதுக்குன்னே கிருமிகிட்ட தனியா ஒரு புரதம் இருக்கு. அந்தச் சட்டையை உங்க உடம்பு பாத்ததே இல்ல."

"அப்ப எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று பிரபு கேட்டார்.

"முதல் பிரசவத்துலதான் அதிகம். மலேரியா இருக்கிற ஊர்ப் பொண்ணுங்களுக்கு அடுத்தடுத்த பிரசவத்துல பாதிப்பு குறையும். நம்ம ஒடிசா, ஜார்க்கண்ட் காட்டுப் பக்கமும் இருக்கு. அவங்க உடம்பு அந்தப் புரதத்தைக் கத்துக்கிடுது."

"மாத்திரை ஒழுங்கா முழுங்கினேனே டாக்டர்."

"அது நிறையப் பேரைக் காப்பாத்துது. எல்லாரையும் இல்ல. சில இடத்துல கிருமி அந்த மருந்துக்குப் பழகிருச்சு. உங்க மேல தப்பு இல்லம்மா."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை க்ரேஸிடம் இதைச் சொன்னேன். தன் முதல் குழந்தையும் தங்கவில்லை என்றாள். ஏழாம் மாதத்தில், ஆண். அடுத்தடுத்த பிரசவங்களில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை மாதம் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை சுமக்கிறவளிடம் எப்படிச் சொல்வது, அதனால்தான் கிளினிக்குக்கு விடாமல் இழுத்துக்கொண்டு போனேன் என்றாள். அவளுடைய கடைக்குட்டிக்கு இப்போது மலேரியா தடுப்பூசி போடுகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊசி இருக்கிறதென்றால் எனக்கு ஏன் இல்லை?

அடுத்த தடவை போனபோது அதை டாக்டர் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அந்த ஊசி கொசு உள்ளே விடுகிற முதல் உருவத்தின் மேலுறையைக் குறிவைப்பது என்றார். குழந்தைகளுக்காகச் செய்தது. பலன் உண்டு, ஆனால் முழுத்தடுப்பு இல்லை. அதைத் தாண்டி ஒன்றிரண்டு கிருமி தப்பினாலும் ரத்தத்தில் வேறு சட்டையோடு இறங்கிவிடும்.

"கிருமிகிட்ட ஆயிரக்கணக்குல புரதம் இருக்கு சுகன்யா. அதுல பலதுக்கு எதிரா உடம்பு ஆன்டிபாடி செய்யும். ஆனா நிறைய ஆன்டிபாடி தழும்பு மாதிரிதான். அடிபட்டதைக் காட்டும், அடுத்த அடியைத் தடுக்காது. தடுக்கிறது எது, வெறும் தழும்பு எதுன்னு பிரிக்கிறதுதான் இந்த ஆராய்ச்சியோட பெரிய கஷ்டம். நஞ்சுக்கொடி விஷயத்துல எந்தப் புரதம்னு தெரியும். ஆனா அது ரொம்பப் பெரிசு, ஊருக்கு ஊர் கிருமிக்குக் கிருமி கொஞ்சம் மாறும். அதுல எந்தத் துண்டை ஊசியா போட்டா எல்லா வகையையும் தடுக்கும்னு இன்னும் யாருக்கும் நிச்சயமா தெரியல."

"என் ரத்தத்துல என்ன இருக்கு?"

"பாக்கத்தான் கேட்டேன். நீங்க அட்மிட் ஆன அன்னைக்கு எடுத்ததுல மிச்சம் இருக்கு. இன்னைக்கு ஒண்ணு குடுத்தா, ரெண்டையும் அனுப்பி ஒப்பிடுவேன்."

அன்றே ஒரு குழாய் கொடுத்தேன். முடிவு வர வெகுநாள் ஆயிற்று. அதற்குள் பிரபு அங்கே வேலையை விட்டுவிட்டு, திருச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆலையில் சேர்ந்திருந்தார். முடிவு வந்ததும் டாக்டர் ஸ்டெல்லா நேரில் வரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அட்மிட் ஆன அன்னைக்கு அந்தப் புரதத்துக்கு எதிரா ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது குழாய்ல நல்லா இருக்கு."

நான் அழவில்லை. சத்தம் போட்டேன். "அவ இருந்தப்ப கத்துக்கக் கூடாதா? எல்லாம் முடிஞ்ச பிறகு இப்ப எதுக்கு? நான் அந்த ஊருக்குத் திரும்பப் போகப்போறதும் இல்ல. இந்த எதிர்ப்பு எனக்கு எதுக்கு டாக்டர்? யாருக்கு?" ஆய்வகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். "இது இருந்திருந்தா காப்பாத்தியிருக்கும்னு நான் சொன்னா அது பொய்யாகூட இருக்கலாம். அது அந்தப் புரதத்தைப் பிடிக்குது, அவ்வளவுதான் தெரியும். பிடிக்கிறதால ஒட்டுறது நிக்குதா, வேற ஊர்க் கிருமியையும் பிடிக்குதான்னு பாக்கணும். அதுக்கு உங்க ரத்தம் மாதிரி இன்னும் பலபேரோடது வேணும். குழந்தை நல்லபடியா பிறந்தவங்களோடது, பிறக்காதவங்களோடது, ரெண்டும்" என்றார்.

அவர் பொய் சொல்லாததால்தான் மறுபடியும் போனேன். சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். முதலில் தனியாகப் போனேன். பிறகு அம்மா துணைக்கு வந்தாள். வருவாளே தவிர உள்ளே வர மாட்டாள். வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். நஞ்சுக்கொடியைப் பற்றி நாங்கள் அதற்குப்பின் பேசியதே இல்லை. ஆராய்ச்சிக்கு வைத்த பகுதி போக மீதியை அண்ணனிடம் ஒப்படைத்திருந்தார்கள். குழந்தைக்குப் பக்கத்திலேயே அதுவும் அடக்கமானது.

போன வாரமும் போயிருந்தோம். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்தியபடி கேட்டேன், போன தடவை கொடுத்தது எப்படி இருக்கிறதென்று. டாக்டர் ஸ்டெல்லா கணினியைத் திருப்பிக் காட்டினார். படிப்படியாக இறங்கிவரும் ஒரு கோடு.

"குறைஞ்சுக்கிட்டே வருது. அந்தக் கிருமி திரும்ப வராட்டி உடம்பு அதைத் தொடர்ந்து செய்யறதில்ல. உங்களுக்கு இது நல்ல செய்திதான், நீங்க அதுல இருந்து தள்ளி இருக்கீங்கன்னு அர்த்தம்."

வெளியே வந்தேன். அம்மா எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"என் ரத்தத்துல இருக்கிறது குறைஞ்சுக்கிட்டே வருதாம்மா. இங்க அந்தக் கிருமி இல்லாததால உடம்பு மறந்துருமாம்."

அம்மா என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. முதல்முறையாக அந்தக் கதவைப் பார்த்தாள்.

"முழுசா மறக்கிறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் எடுத்து வெச்சுக்கச் சொல்லேன்."

"இன்னைக்கு எடுத்துட்டாங்கம்மா."

"ஒரு குழாய் எந்த மூலைக்கு? கேட்டுத்தான் பாரேன். உடம்புக்கு முடியும்னா குடு. எங்கயோ எவளோ ஒரு பொண்ணு, தலைப்பிரசவம்..." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா, நானே கேக்குறேன்" என்று எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

டாக்டர் ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டார். "இவ உடம்புக்கு முடியும்னா இன்னொரு குழாய் எடுத்துக்கங்க டாக்டர்" என்றாள் அம்மா. நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து, ஊசி குத்தாத பக்கத்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டேன். ஊசி இறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழாய் நிறைவதையே பார்த்தபடி நின்றாள்.